எந்த மருத்துவமனைக்குச் செல்வது? பீமாரிஸ்தான் வரலாறு தரும் பாடம்

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டு இரத்தம் கட்டிக்கொண்டது. அவர் பனூ அன்மார் குலத்தைச் சேர்ந்த இருவரை வரவழைத்தார். அவ்விருவரையும் நோக்கி நபி (ஸல்) அவர்கள், உங்களில் மருத்துவத்தில் தேர்ந்தவர் யார் என வினவினார்கள். ஸைத் இப்னு அஸ்லம் (ரஹ்) வழியாக வரும் இச்செய்தி, அறிவிப்பாளர் தொடரில் நபித்தோழரின் பெயர் இடம்பெறாத முர்ஸல் வகையைச் சேர்ந்தது. எனினும் இப்னுல் கய்யிம் (ரஹ்) தமது ஸாதுல் மஆத் நூலில் இதனை எடுத்தாண்டு, எந்தக் கலையாயினும் எந்தத் தொழிலாயினும் அதில் மிகத் தேர்ந்தவரையே நாட வேண்டும் என்னும் நெறியை இதிலிருந்து வகுத்துக் காட்டுகின்றார்.

இந்த நபிவழிக் கேள்வியை நாம் இன்று கேட்கின்றோமா? சில ஆண்டுகளுக்கு முன்பு நம் உறவினரான முதியவர் ஒருவர் இரவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எங்கே கொண்டுசெல்வது என்று வீட்டில் விவாதம் எழுந்தது. புதிதாகக் கட்டப்பட்டது, பளிங்குத் தரை, குளிரூட்டிய அறைகள் என்று ஒருவர் சொன்ன இடத்திற்கே எல்லோரும் புறப்பட்டோம். அங்கே எலும்பு மருத்துவர் இல்லை என்பது மறுநாள் காலையில்தான் தெரியவந்தது. வேறோர் ஊருக்கு மாற்றுவதற்குள் ஒரு பகலும் ஒரு பெருந்தொகையும் கழிந்தன. கல்வி கற்றவர்கள் ஐந்தாறு பேர் அன்று கூடியிருந்தோம். நாள்தோறும் ஹதீஸ் பாடம் நடத்தும் நாமும் அவர்களுள் ஒருவர். ஆயினும், இங்கே இந்த நோய்க்கு உரியவர் இருக்கின்றாரா என்று எவரும் கேட்கவில்லை.

இஸ்லாமிய நாகரிகம் வளர்த்த மருத்துவமனைகளைப் பற்றி மீலாது மேடைகளில் நாம் பெருமையுடன் பேசுகின்றோம். அந்த மருத்துவமனைகள் எத்தனை வகைப்பட்டன, நோயாளி எதனை நம்பி அவற்றின் வாயிலில் நுழைந்தார் என்பதையும் ஆராய்ந்தால், அப்பெருமை நமக்குப் பயன்படும் அறிவாக மாறும். அதற்கான சிறு முயற்சியே இக்கட்டுரை.

பெயரும் தொடக்கமும்

பீமாரிஸ்தான் என்பது பாரசீகச் சொல். பீமார் என்றால் நோயாளி. ஸ்தான் என்றால் இடம். அரபு மக்களின் நாவில் இது மாரிஸ்தான் எனவும் சுருங்கிற்று. பிற்காலத்தில் துருக்கியிலும் இந்தியாவிலும் தாருஷ் ஷிஃபா என்னும் பெயர் வழங்கியது. ஹைதராபாத்தில் முஹம்மது குலீ குதுப்ஷா 1595இல் நிறுவிய தாருஷ் ஷிஃபாவின் பெயரால் அந்நகரின் ஒரு பகுதி இன்றும் அழைக்கப்படுகின்றது.

இதன் வித்து மதீனாவில் ஊன்றப்பட்டது. ஹிஜ்ரி 5இல் (கி.பி. 627) நடந்த அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு தைத்துக் காயமுற்றபோது, மஸ்ஜிதுந் நபவியில் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி காயமுற்றோருக்குப் பணிபுரிந்த கூடாரத்தில் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். அது ஒரு கூடாரமே. மருத்துவமனை என்னும் நிறுவனமன்று. ஆயினும் காயமுற்றவரை அவருடைய வீட்டாரின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடாமல், சமுதாயம் தன் நடுவிடத்தில் ஏற்றுக்கொண்டது என்னும் கருத்து அங்கே தெளிவாகத் தெரிகின்றது.

அரசு சார்ந்த ஏற்பாடு உமையாக்களின் காலத்தில் தொடங்கிற்று. ஹிஜ்ரி 88இல் (கி.பி. 707) கலீஃபா வலீத் இப்னு அப்தில் மலிக் டமாஸ்கஸில் தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகை வழங்கி, அவர்கள் பிறரிடம் கையேந்தாதவாறு செய்தார். பார்வையற்றோருக்கு வழிகாட்டியும், நடக்க இயலாதோருக்குப் பணியாளும் அமர்த்தினார். பீமாரிஸ்தானை முதன்முதலில் நிறுவியவர் இவரே என்று மக்ரீஸீ எழுதுகின்றார். அங்கே முழுமையான சிகிச்சை நடந்ததா, அன்றிப் பராமரிப்பு மட்டுமே இருந்ததா என்பதில் இன்றைய ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அப்பாஸிய காலத்துப் பக்தாதில்தான் நாம் அறிந்த பொருளிலான மருத்துவமனை உருப்பெற்றது.

யாருக்காக? எந்த நோய்க்காக?

பீமாரிஸ்தான்கள் அனைத்தும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. அவற்றை மூன்று அடிப்படைகளில் வகைப்படுத்தலாம்.

முதலாவது, இடம். நகரில் நிலைத்து நின்றவை ஒருவகை. படையுடனோ மருத்துவர் குழுவுடனோ நகர்ந்து சென்றவை இன்னொரு வகை. ஸல்ஜூக் சுல்தான் மஹ்மூதின் (மறைவு: ஹி. 525 / கி.பி. 1131) பாசறையில் நாற்பது ஒட்டகங்கள் சுமந்து சென்ற மருத்துவமனை இருந்தது, அபுல் ஹகம் என்னும் அந்தலூஸிய மருத்துவர் அதில் பணியாற்றினார். அதற்கு முன்பே, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமைச்சர் அலீ இப்னு ஈஸா பக்தாதின் தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்துக்கு இரு கட்டளைகள் விடுத்திருந்தார். சிறைவாசிகளை நாள்தோறும் மருத்துவர்கள் பார்வையிட வேண்டும் என்பது ஒன்று. மருத்துவரே இல்லாத ஸவாத் பகுதிக் கிராமங்களுக்கு மருந்துகளுடன் குழுக்களை அனுப்ப வேண்டும் என்பது மற்றொன்று. சென்ற குழுவினர் யூதர் மிகுதியாக வாழ்ந்த ஊர்களை அடைந்தபோது, இவர்களுக்கும் மருத்துவம் செய்யலாமா என ஸினான் கடிதம் எழுதிக் கேட்டார். திம்மிகளுக்கும் கால்நடைகளுக்கும் மருத்துவம் செய்வது சரியே. மனிதரைக் கவனித்த பின் விலங்குகளையும், முஸ்லிம்களைக் கவனித்த பின் திம்மிகளையும் கவனிக்க வேண்டும் என்பது அமைச்சரின் மறுமொழி. வரிசையில் அக்காலத்தின் முத்திரை தெரிகின்றது. எனினும் எவரையும் மருத்துவமின்றி விடலாகாது என்னும் முடிவும் அதில் அடங்கியுள்ளது.

இரண்டாவது, பயனாளி. அஹ்மத் இப்னு தூலூன் ஹிஜ்ரி 259இல் (கி.பி. 872-73) எகிப்தில் நிறுவிய மருத்துவமனையில் படைவீரருக்கும் அடிமைக்கும் இடமில்லை என்று விதித்தார். அவர்களைக் கவனிக்க வேறு புரவலர் உண்டு. எவரும் இல்லாத பொதுமக்களுக்கே அந்த இடம் என அவர் கருதினார் போலும். அங்கே நோயாளி சேர்க்கப்பட்டவுடன் அவருடைய உடையும் பணமும் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்படும். மருத்துவமனை உடை வழங்கப்படும். ஒரு கோழியையும் ஒரு ரொட்டியையும் உண்ணும் அளவுக்கு உடல் தேறினால், அவர் வீடு திரும்பலாம் எனப் பொருள். மர்ராக்குஷில் முவஹ்ஹிதுகளின் மன்னர் யஃகூப் அல்மன்ஸூர் நிறுவிய மருத்துவமனையோ செல்வர், வறியவர் இருவருக்கும் பொதுவாக இருந்தது. குணமடைந்து வெளியேறும் ஏழைக்கு, அவர் மீண்டும் தொழிலில் அமரும்வரை வாழப் பணமும் கொடுத்தனுப்பினார்கள்.

மூன்றாவது, நோய். ஹிஜ்ரி 372இல் (கி.பி. 982) பக்தாதில் திறக்கப்பட்ட அளுதீ மருத்துவமனையில் 24 மருத்துவர்கள் இருந்தனர். பொது மருத்துவர், அறுவை மருத்துவர், கண் மருத்துவர், எலும்பு கட்டுவோர் எனத் தனித்தனிப் பிரிவினராக அவர்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) கட்டத் தொடங்கிய மன்ஸூரீ மருத்துவமனையில் காய்ச்சலுக்கும் கண்நோய்க்கும் காயங்களுக்கும் வயிற்றுப்போக்கிற்கும் தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன, பெண்களுக்கும் தனிப்பகுதி இருந்தது. மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. 1183இல் கெய்ரோவைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், ஸலாஹுத்தீன் அய்யூபியின் மருத்துவமனையில் இரும்புச் சாளரங்கள் கொண்ட ஒரு பகுதி அவர்களுக்கென இருந்ததைக் குறித்துள்ளார். அலெப்போவில் 1354இல் நிறுவப்பட்ட அர்கூன் மருத்துவமனையின் கட்டடம் மனநோயாளிகளுக்கான தனி முற்றங்களுடன் நம் காலம்வரை நிலைத்துள்ளது.

ஆக, எலும்பு முறிந்த ஒருவரைப் பக்தாதின் அளுதீ மருத்துவமனைக்குக் கொண்டுசென்றவர், அங்கே எலும்பு கட்டுவோர் உண்டு என்பதை அறிந்தே சென்றிருப்பார். ஓரிடம் யாருக்காக, எந்த நோய்க்காக என்பது வெளிப்படையாக இருந்தது.

பத்திரத்தில் எழுதிய வாக்குறுதி

இந்த வெளிப்படைத் தன்மைக்கு அடித்தளம் வக்ஃபுப் பத்திரம். மருத்துவமனையைக் கட்டியவர் அதற்கெனக் கடைகள், குளியலகங்கள், விளைநிலங்கள் முதலியவற்றை எழுதிவைப்பார். அவற்றின் வருவாய் எவ்வாறு செலவிடப்பட வேண்டும் என்பதையும் எழுதுவார். எழுதிய பின் அவ்விதிகளை மாற்றும் உரிமை பொறுப்பாளருக்கு இல்லை. வக்ஃபு செய்தவரின் நிபந்தனை ஷரீஅத்தின் வாசகத்தைப் போன்றது என்பது நம் மதரஸாக்களில் ஃபிக்ஹு பயிலும் மாணவர் அனைவரும் அறிந்த விதி.

மன்ஸூரீயின் பத்திரம் இதற்குச் சிறந்த சான்று. ஆண், பெண், செல்வர், வறியவர் என்னும் வேறுபாடின்றி முஸ்லிம் நோயாளிகள் அனைவருக்கும் அது உரியது எனப் பத்திரம் கூறுகின்றது. கட்டணம் இல்லை. குணமடையும்வரை தங்கலாம். குணமாகி வெளியேறுவோருக்கு உடை; இறந்துவிட்டால் குளிப்பாட்டி, கஃபனிட்டு அடக்கும் செலவும் வக்ஃபையே சாரும். வீட்டிலேயே படுத்திருப்போருக்கும் மருந்தும் உணவும் அனுப்பப்பட்டன. இரத்தச் சுற்றோட்டத்தில் நுரையீரலின் பங்கை விளக்கிய இப்னுந் நஃபீஸ் (மறைவு: ஹி. 687 / கி.பி. 1288) தம் வீட்டையும் நூல்களையும் இம்மருத்துவமனைக்கே வக்ஃபு செய்தார். 1326இல் கெய்ரோவுக்கு வந்த இப்னு பதூதா, இதன் சிறப்புகளை வருணிக்க இயலாது என வியந்துள்ளார்.

கணக்கும் அவ்வாறே வெளிப்படையாக இருந்தது. டமாஸ்கஸில் நூருத்தீன் ஸன்கீ நிறுவிய நூரீ மருத்துவமனையை 1184இல் பார்வையிட்ட இப்னு ஜுபைர், அதன் அன்றாடச் செலவு ஏறத்தாழ 15 தீனார் எனக் குறிக்கின்றார். நோயாளிகளின் பெயர்களும் அவர்களுக்கு ஆகும் மருந்து, உணவுச் செலவுகளும் பதிவேடுகளில் எழுதப்பட்டன. மருத்துவர்கள் நாள்தோறும் காலையிலேயே வந்து நோயாளிகளைப் பார்த்தனர் என்றும் அவர் கூறுகின்றார். அதன் தலைமை மருத்துவர்களுள் ஒருவரான அபுல் மஜ்த், நாம் முன்பு கண்ட ஒட்டக மருத்துவமனையின் அபுல் ஹகமுடைய மைந்தர். நோயாளிகளைப் பார்த்து முடித்தபின் அவர் பெருங்கூடத்தில் அமர்ந்து மாணவர்களுக்கு மூன்று மணி நேரம் பாடம் சொல்வார் என இப்னு அபீ உஸைபிஆ எழுதியுள்ளார்.

அம்மருத்துவமனையைப் பற்றிச் சுவையான ஒரு செய்தியும் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் பாரசீகர் ஒருவர் அங்கே வழங்கப்பட்ட உணவில் மயங்கி, நோயாளி போல் நடித்துச் சேர்ந்தார். நாடி பார்த்த மருத்துவருக்கு உண்மை புரிந்துவிட்டது. எனினும் கோழியும் இனிப்பும் பழச்சாறும் தடையின்றி வழங்கச் செய்தார். மூன்று நாள் கழிந்ததும், விருந்தாளியின் உரிமை மூன்று நாளே என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இதனை எழுதிவைத்த கலீல் இப்னு ஷாஹீன் அக்காலத்தில் வாழ்ந்தவர்.

தரத்திற்கு யார் பொறுப்பு?

ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் ஒரு மருத்துவரின் தவற்றால் ஒருவர் இறந்தார். செய்தி கலீஃபா முக்ததிருக்கு எட்டியது. ஸினான் இப்னு ஸாபித் சோதித்து எழுத்து வடிவில் அனுமதி வழங்காத எவரும் மருத்துவம் செய்யலாகாது என அவர் ஆணையிட்டார். புகழ்பெற்றவர்களும் அரசப் பணியில் இருந்தவர்களும் நீங்கலாக, அந்நகரில் 860க்கும் மேற்பட்டோர் சோதனைக்கு உட்பட்டனர். எவர் எந்தத் துறையில் தகுதி பெற்றாரோ அந்தத் துறையில் மட்டுமே அவருக்கு அனுமதி கிடைத்தது.

பின்னர் இப்பொறுப்பு முஹ்தஸிப் என்னும் கண்காணிப்பு அலுவலரிடமும் சேர்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூல் இதன் நடைமுறையை விளக்குகின்றது. கண் மருத்துவரை ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் கண் பற்றிய நூலைக் கொண்டு சோதிக்க வேண்டும். மருத்துவர் நோயாளியைப் பார்த்ததும் நோயையும் மருந்தையும் எழுதி, அதன் படியை நோயாளியின் வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் வீட்டார் அந்தத் தாள்களைத் தலைமை மருத்துவரிடம் கொண்டுசெல்வர். தவறு நேர்ந்திருப்பதாக அவர் கண்டால், மருத்துவரிடம் இழப்பீடு பெறலாம். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளியாவார் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் உள்ளது. அந்நபிமொழி ஒரு நிர்வாக முறையாக விரிந்ததை இங்கே காண்கின்றோம்.

நோயாளியின் பங்கு

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் மக்கள் போலி மருத்துவரிடம் ஏமாந்தார்கள். அபூபக்ர் அர்ராஸீ (மறைவு: ஹி. 313 / கி.பி. 925) இதற்கெனவே ஒரு சிற்றேடு எழுதினார். சிறந்த மருத்துவரை விட்டு மக்களின் உள்ளம் தாழ்ந்த மருத்துவரிடம் சாய்வதற்கான காரணங்கள் யாவை என்பதே அதன் பொருள். ஒரே நோய்க்குப் பல மருத்துவரிடம் ஓடுபவர் அவர்கள் ஒவ்வொருவரின் தவற்றிலும் விழக்கூடும். நம்பத்தக்க ஒருவரைத் தேர்ந்து அவரிடம் நிலைத்திருப்பதே நன்று என்னும் கருத்தும் அவர் பெயரால் வழங்குகின்றது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவை நம் ஊர்த் தெருக்களைப் பார்த்து எழுதியவை போலவே தோன்றுகின்றன.

பெருமையும் நேர்மையும்

வரலாற்றைச் சான்றாக முன்வைப்போர் அதன் குறைகளையும் மறைக்கலாகாது. இங்கே இரண்டைக் குறிப்பிட விரும்புகின்றோம்.

பக்தாதின் பல இடங்களில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே அது அழுகத் தாமதமாயிற்றோ அங்கே அளுதீ மருத்துவமனையைக் கட்டச் சொன்னார் அர்ராஸீ என்பது நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் கதை. அர்ராஸீ மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின்னரே அளுதீ திறக்கப்பட்டது. அவர் அளுதவ்லாவின் காலத்திற்கு முற்பட்டவர் என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இப்னு அபீ உஸைபிஆ சுட்டிக்காட்டிவிட்டார். கதையை நாம் விட்டுவிட்டாலும் அர்ராஸீயின் தகுதிக்கு எந்தக் குறைவும் நேராது.

அடுத்தது மன்ஸூரீ. நூரீ மருத்துவமனையின் மருந்தால் தாம் குணமடைந்ததற்கு நன்றியாகக் கலாவூன் நேர்ந்துகொண்ட நற்பணி அது. ஆனால் ஓராண்டுக்குள் அதனைக் கட்டி முடிக்கும் அவசரத்தில், அவ்விடத்து மாளிகையில் வாழ்ந்தோர் வெளியேற்றப்பட்டனர். வழிப்போக்கர்கள் கல் சுமக்குமாறு வற்புறுத்தப்பட்டனர். இதனால் மார்க்க அறிஞர் சிலர் அவ்வளாகத்தில் தொழுவதையே தவிர்த்தனர் என மக்ரீஸீ எழுதியுள்ளார். மருத்துவமனை என்பதற்காக அநீதி நீதியாகிவிடாது என்னும் எச்சரிக்கையை அன்றைய ஆலிம்கள் துணிந்து சொன்னார்கள். அறத்தின் பெயரால் எழும்பும் கட்டடங்களின் முன் நாமும் இக்கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நமக்குரிய கேள்விகள்

இன்று நம் நாட்டில் அரசு மருத்துவமனை, அறக்கட்டளை மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என வகைகள் பல. பொது மருத்துவம் பார்ப்பவை உண்டு; கண், இதயம், புற்றுநோய் என ஒன்றையே பார்ப்பவையும் உண்டு. எந்த வகை உயர்ந்தது என்று பொதுவாகச் சொல்வதற்கில்லை. பீமாரிஸ்தான் வரலாறு கற்றுத்தரும் கேள்விகளோ எல்லா வகைக்கும் பொருந்துவன. இந்த இடம் யாருக்காக நடத்தப்படுகின்றது? நம் நோய்க்குரிய பிரிவும், அதில் தேர்ந்த மருத்துவரும் நாம் செல்லும் நேரத்தில் இருக்கின்றனரா? செலவு எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் தருவார்களா? மருத்துவரின் பெயர் மருத்துவக் குழுமப் பதிவேட்டில் உள்ளதா? நம் நோயின் ஆவணங்கள் நம் கைக்கு வருமா? இந்திய மருத்துவக் குழுமம் 2002இல் வெளியிட்ட நெறிமுறை விதிகள், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்கின்றன. ஷைஸரீ வற்புறுத்திய அந்தத் தாளின் படி, இன்றும் நாம் கேட்டுப்பெறத்தக்க உரிமையே.

இக்கேள்விகளை நோய் வந்த இரவில் கேட்பது கடினம். உடல் நலமாக இருக்கும்போதே வீட்டார் கூடிப் பேசி, எந்த நோய்க்கு எங்கே என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மஹல்லா ஜமாஅத்துகள் இப்பணியை மேற்கொண்டால் இன்னும் நன்று. எல்லா ஊர்களிலும் நம்மால் மருத்துவமனை கட்ட இயலாது. அருகில் எந்தெந்த மருத்துவமனையில் எந்தெந்தப் பிரிவு உண்டு, ஏழைக்கு எங்கே கட்டணச் சலுகை கிடைக்கும், அவசரத்தில் உடன் செல்ல யார் உண்டு என்னும் பட்டியலைப் பள்ளிவாசலில் தொங்கவிடப் பெருஞ்செலவு ஆகாது. மருத்துவமனைக்கென வக்ஃபு செய்ய எண்ணும் செல்வர்களோ, கல்வெட்டில் தம் பெயரைப் பொறிப்பதற்கு முன், யாருக்கு, எதற்கு, எவ்வளவு காலம் என்பதைப் பத்திரத்தில் பொறிக்கட்டும்.

இப்னு தூலூன் வெள்ளிதோறும் தம் மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்துவந்தார். ஒருநாள் மனநோயாளி ஒருவர் ஒரு மாதுளம்பழம் கேட்டார். அமீர் வரவழைத்துக் கொடுத்தார். அதனைப் பெற்றுக்கொண்டவர் அமீரின் மார்பின் மீதே ஓங்கி எறிந்தார். அதன்பின் இப்னு தூலூன் அங்கே செல்லவில்லை. ஆனால் மருத்துவமனை மூடப்படவில்லை. நிறுவியவர் வராவிட்டாலும் அவர் எழுதிவைத்த வக்ஃபு அதனை நடத்திற்று. அத்தகைய ஏற்பாடுகளைச் செய்யும் ஆற்றலையும், தேர்ந்தவர் யார் எனக் கேட்கும் தெளிவையும் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.